வீட்டுப் பக்கத்தில் வணிக மண்டலம் கேட்கிறார்களா? விண்ணப்பத்திலிருந்து நகர மன்ற வாக்கெடுப்பு வரை, வரிசைப்படி

குடியிருப்பை ஒட்டிய ஒரு நிலத்தை வணிக மண்டலமாக மாற்றக் கேட்டு விண்ணப்பம் வந்திருக்கிறது, நகர மன்றம் அதை எடுத்துப் பேசப் போகிறது என்று தெரிந்த உடனே பெரும்பாலானவர்கள் கையெழுத்து வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது கடைசியில் வர வேண்டிய வேலை. அதற்கு முன்னால் படிக்க, அளக்க, கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, அதைச் செய்யாமல் போகிறவர்கள் மைக்கின் முன்னால் நிற்கும்போது கவுன்சிலர்களால் பயன்படுத்தவே முடியாத விஷயங்களைப் பேசிவிட்டு வருகிறார்கள்.

இப்படிப்பட்ட பல விசாரணைகளில் அக்கம்பக்கத்தாருடன் உட்கார்ந்து வேலை செய்த பிறகு எழுதுகிறேன். எதிர்ப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை, ஒரு மருந்தகம் வருவது நல்லதுதான் என்று நினைப்பவர்களுக்கும் இதே வரிசைதான். ஊருக்கு ஊர் பெயர்களும் கெடுக்களும் மாறும், அடிப்படை மாறாது.

0. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

விண்ணப்ப எண். நிலத்தின் சர்வே எண் அல்லது முகவரி. விண்ணப்பத்தின் முழு நகல், வரைபடங்களும் இணைப்புகளும் சேர்த்து. அந்த நிலத்துக்கு இப்போது உள்ள மண்டல விதி, கேட்கப்படும் மண்டலத்தின் விதி, இரண்டும். மாஸ்டர் பிளானில், அதாவது ஊர் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் நீண்டகாலத் திட்டத்தில், அந்தப் பகுதிக்கான நிலப் பயன்பாட்டு வரைபடம்.

இவை பொது ஆவணங்கள். நகராட்சியின் திட்டப் பிரிவில் விண்ணப்ப எண்ணைச் சொன்னால் எடுத்துக் கொடுப்பார்கள், பல ஊர்களில் இணையத்திலேயே கிடைக்கும். செய்தித்தாளில் வந்த நான்கு வரியையோ, யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் படத்தையோ வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள். அந்தப் படத்தில் இருப்பது பெரும்பாலும் பழைய வரைபடமாக இருக்கும், கூட்டத்தில் நீங்கள் அதைக் காட்டிப் பேசினால் "அது திருத்தப்பட்டுவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கூடவே இரண்டு மூன்று பேர் வேண்டும். ஒருவர் விதிகளைப் படிக்க, ஒருவர் தெருவில் நின்று பார்க்க, ஒருவர் தேதிகளைக் கவனிக்க.

1. கேட்பது எந்த வகை அனுமதி என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே "கடை வரப் போகிறது" என்றுதான் தெரியும். ஆனால் மன்றத்தின் முன் வருவது பொதுவாக மூன்று வகை.

முதலாவது மண்டல மாற்றம், அதாவது நிலத்தின் வகையே குடியிருப்பிலிருந்து வணிகத்துக்கு மாறுவது. இது கொள்கை முடிவு. ஊருக்கு இது நல்லதா என்று பார்த்து ஏற்கவோ மறுக்கவோ மன்றத்துக்கு நிறைய இடம் உண்டு.

இரண்டாவது நிபந்தனையுடன் கூடிய அனுமதி. மண்டலம் மாறாது, அந்த மண்டலத்தில் சிறப்பு அனுமதி வாங்கி நடத்தலாம் என்று விதியிலேயே சொல்லியிருக்கும் ஒரு பயன்பாட்டைக் கேட்கிறார்கள். இதற்கு எழுதப்பட்ட அளவுகோல்கள் இருக்கும், அவற்றை விண்ணப்பதாரர் நிறைவு செய்துவிட்டால் மறுப்பது கடினம். ஆகவே இங்கே "வேண்டாம்" என்பதைவிட "எப்படி" என்பதில்தான் உங்கள் உழைப்பு போக வேண்டும்.

மூன்றாவது விதித் தளர்வு. பக்க இடைவெளி, உயரம், பார்க்கிங் எண்ணிக்கை போன்ற ஏதோ ஒன்றில் விலக்கு. நிலத்தின் வடிவத்தாலோ சரிவாலோ விதியைப் பின்பற்றவே முடியவில்லை என்று காட்ட வேண்டியது விண்ணப்பதாரரின் பொறுப்பு. கூடுதல் லாபம் கிடைக்கும் என்பது பெரும்பாலான விதிகளில் காரணமாகாது.

வகையைத் தெரிந்துகொள்ளாமல் பேசுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. விதித் தளர்வு கேட்டு வந்தவரிடம் "இங்கே கடையே கூடாது" என்று பதினைந்து பேர் வரிசையாகப் பேசுவார்கள், கடைக்கு ஏற்கனவே உரிமை இருக்கும், கேள்வி பார்க்கிங்கைப் பற்றியதாக மட்டும் இருக்கும்.

2. யார் முடிவெடுக்கிறார்கள், எந்தப் படியில் இருக்கிறது

வழக்கமான ஓட்டம் இது: விண்ணப்பம், அதிகாரிகளின் ஆய்வு, திட்டக் குழுவின் விசாரணை, அதிகாரிகளின் அறிக்கையும் குழுவின் பரிந்துரையும், பிறகு நகர மன்றத்தின் விசாரணை, வாக்கெடுப்பு. சில ஊர்களில் மன்றத்திலேயே இரண்டு வாசிப்புகள் உண்டு, அதாவது ஒரே முன்மொழிவை இரண்டு முறை எடுத்துப் பேசுவார்கள்.

முடிவெடுப்பது எல்லா இடத்திலும் மன்றமும் இல்லை. சென்னைப் பெருநகரப் பகுதியில் நில வகைப்பாட்டு மாற்றத்துக்கான விண்ணப்பங்களைக் கையாள்வது சி.எம்.டி.ஏ. என்ற சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். அப்படிப்பட்ட இடத்தில் வார்டு கவுன்சிலரிடம் மட்டும் மனு கொடுத்துவிட்டு வந்தால், ஆட்சேபணைக்கான கெடு வேறோர் அலுவலகத்தில் முடிந்துபோயிருக்கும்.

எல்லோரும் கடைசிக் கூட்டத்துக்குத்தான் வருகிறார்கள். அதற்குள் போக்குவரத்து ஆய்வு ஏற்கப்பட்டிருக்கும், அதிகாரிகளின் பரிந்துரை எழுதி முடிந்திருக்கும், நிபந்தனைகளின் வரைவும் தயாராக இருக்கும். எதையாவது மாற்ற வேண்டுமானால் அந்த அறிக்கை எழுதப்படுவதற்கு முன்னால் போக வேண்டும்.

அறிவிப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். கடிதம் அனுப்பும் ஊர்களில்கூட அது ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குள் உள்ள நில உரிமையாளர்களுக்குத்தான் போகும், வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பல இடங்களில் போகாது. அதனால் அண்டை வீட்டு வாடகைதாரர்களுக்கு நீங்களே சொல்லுங்கள். அங்கே தினமும் தூங்கி எழுகிறவர்கள் அவர்கள்தான்.

3. கடையைப் பார்க்காதீர்கள், மண்டலத்தைப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

மண்டலம் நிலத்தோடு ஒட்டிக்கொள்கிறது, விண்ணப்பதாரரோடு இல்லை. இன்று அழகான ஒரு மாடிக் கட்டடத்தின் படத்தைக் காட்டுகிறவர் அடுத்த வருடம் நிலத்தை விற்றுவிடலாம், அல்லது கடன் கிடைக்காமல் திட்டத்தைக் கைவிடலாம். வாங்கியவருக்கு அந்தப் படத்தோடு எந்த ஒப்பந்தமும் கிடையாது. அந்த மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட எதையும் அவர் கட்டலாம், அப்போது இன்னொரு விசாரணை நடக்காமலேயே போகலாம்.

ஆகவே கேட்கப்படும் மண்டலத்தின் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள் பட்டியலை வரி வரியாகப் படியுங்கள். பெட்ரோல் பங்க், வாகனப் பழுதுபார்ப்பு, கார் கழுவுமிடம், காரிலிருந்தபடியே வாங்கிச் செல்லும் ஜன்னல் வைத்த கடை, மதுக்கூடம், இரவு முழுக்கத் திறந்திருக்கும் கடை, சரக்குக் கிடங்கு. இவற்றில் எவை நேரடியாக அனுமதிக்கப்பட்டவை, எவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று பிரித்துக் குறியுங்கள்.

பிறகு அளவுகள். தளப்பரப்புக் குறியீடு என்பது நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற எண். அது 2 என்றால் 1,000 சதுர மீட்டர் நிலத்தில் 2,000 சதுர மீட்டர் தளப்பரப்பு வரலாம். விண்ணப்பத்தில் காட்டியிருப்பது 400 சதுர மீட்டர் என்றால் அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மன்றத்துக்குக் காட்டுங்கள். அதிகபட்ச உயரம், பின்பக்க இடைவெளி, நிலத்தில் எவ்வளவு பகுதியைக் கட்டடத்தால் மூடலாம் என்பதையும் இப்படியே செய்யுங்கள்.

மண்டலம் மாறும்போது கூடவே மாறும் பிற விதிகளையும் பாருங்கள். இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. வணிகப் பகுதிக்கு 65, 55. ஒரு பகுதி வணிகப் பகுதியாக வகைப்படுத்தப்பட்டால் அங்கே சட்டம் பொறுத்துக்கொள்ளும் சத்தம் 10 டெசிபல் கூடுகிறது. மனிதக் காதுக்கு 10 டெசிபல் கூடுவது ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

இதையெல்லாம் படித்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் கட்ட நினைக்கும் அதே கடையை இதைவிடச் சிறிய வணிக மண்டலத்தில் கட்ட முடியுமா? பல ஊர் விதிகளில் பெரிய சாலைக்கான பொது வணிக மண்டலம் ஒன்றும், குடியிருப்புக்குப் பக்கத்துக்கென்றே, குறைவான பயன்பாடுகளை மட்டும் அனுமதிக்கும் சிறிய வணிக மண்டலம் ஒன்றும் இருக்கும். அக்கம்பக்கத்தார் கேட்பதிலேயே மிகவும் பலன் தருவது இந்த ஒன்றுதான் என்பது என் கணிப்பு. கடையும் வரும், மோசமான பயன்பாடுகளுக்கும் வழி அடைபடும், கவுன்சிலருக்கும் இரண்டு பக்கத்தையும் பார்த்துச் சொல்ல ஒரு பதில் கிடைக்கும்.

4. மாஸ்டர் பிளானோடு ஒப்பிடுங்கள்

மன்றம் மண்டலத்தை மாற்றினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் பெரும்பாலும் மாஸ்டர் பிளானிலிருந்துதான் வரும். வரைபடத்தில் அந்த இடம் ஏற்கனவே எதிர்கால வணிகப் பகுதி என்று குறிக்கப்பட்டிருந்தால், "இது குடியிருப்புப் பகுதி" என்ற வாதம் பலவீனமானது. அதில் நேரத்தைச் செலவழிக்காமல் நேராக நிபந்தனைகளுக்குப் போங்கள்.

குறிக்கப்படவில்லை என்றால் அதுதான் உங்கள் முதல் வாதம். சுற்றிலும் வீடுகள் இருக்க ஒரே ஒரு மனைக்கு மட்டும் வேறு வகை கொடுப்பது, அதற்கு ஊர் நலன் சார்ந்த காரணம் இல்லாமல் கொடுப்பது, பல நாட்டு நீதிமன்றங்கள் சந்தேகத்தோடு பார்க்கும் விஷயம்.

பிளானின் வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், எழுத்தையும் படியுங்கள். "பள்ளிகளை ஒட்டிய சாலைகளில் வாகன நெரிசலைக் குறைப்பது" மாதிரி ஒரு வரி அதில் எங்காவது இருக்கும். அதைப் பக்க எண்ணோடு எடுத்து வையுங்கள்.

5. இடத்துக்குப் போய் நின்று பாருங்கள்

காலை நெரிசல், மாலை நெரிசல், பள்ளி விடும் நேரம், விடுமுறை நாள் ஒன்று, இரவு ஒரு நேரம். வாகனங்களை எண்ணுங்கள், படம் எடுங்கள், நேரத்தைக் குறியுங்கள். கண்ணால் பார்த்ததைத் தேதியோடு சொல்கிறவரின் பேச்சுக்கு மன்றத்தில் எடை உண்டு. "டிராஃபிக் ரொம்ப ஜாஸ்தி" என்பதை எல்லோரும்தான் சொல்வார்கள்.

விண்ணப்பத்தோடு போக்குவரத்து ஆய்வு இருந்தால் முதலில் எண்ணிக்கை எடுத்த நாளைப் பாருங்கள். பள்ளி விடுமுறையில் எடுத்ததா? எந்தெந்தச் சந்திப்புகளை எடுத்துக்கொண்டார்கள், உங்கள் தெரு முனை அதில் இருக்கிறதா? புதிதாக வரும் வாகனங்கள் எத்தனை, ஏற்கனவே அந்தச் சாலையில் போகிறவர்களில் உள்ளே திரும்புகிறவர்கள் எத்தனை என்று பிரித்திருப்பார்கள். அந்தப் பிரிப்புக்கு என்ன ஆதாரம் என்று கேளுங்கள்.

சந்திப்புகளுக்கு ஏ முதல் எஃப் வரை தரம் கொடுக்கும் அமெரிக்க முறையைப் பல ஆய்வுகள் பின்பற்றுகின்றன. சிக்னல் உள்ள சந்திப்பில் ஒரு வாகனத்துக்குச் சராசரித் தாமதம் 80 வினாடியைத் தாண்டினால் எஃப், அதுதான் மிக மோசமான தரம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், சந்திப்பு முழுவதற்குமான சராசரி நன்றாக இருக்கும்போதே உங்கள் தெருவிலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்புகிறவர் மட்டும் மிக நீண்ட நேரம் நிற்கலாம். திசைவாரியான எண்கள் இணைப்பில் இருக்கும், அங்கே தேடுங்கள்.

சத்தத்துக்கு எளிய கணக்கு ஒன்று: ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரத்திலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் சுமார் 6 டெசிபல் குறையும். கூரை மேல் வைக்கும் ஏசி இயந்திரத்தை வேலிப் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளக் கேட்பது இதனால்தான் பலன் தருகிறது. சுவர் கேட்டால், சத்தம் வரும் இடத்துக்கும் உங்கள் ஜன்னலுக்கும் இடையிலான நேர்க்கோட்டை அது மறைக்க வேண்டும். அப்படி மறைக்க ஆரம்பிக்கும்போதே ஏறக்குறைய 5 டெசிபல் குறையும், மறைக்காத சுவரால் பெரிய பயன் இல்லை. ஒரு வரிசை மரம் சத்தத்தைக் குறைக்காது. பார்வைக்கு நல்லது, அதற்காகக் கேளுங்கள்.

சரக்கு வண்டி எங்கே நிற்கும், குப்பைத் தொட்டி எங்கே, சமையலறைப் புகைப் போக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, மழைநீர் எங்கே வடியும். நிலம் முழுவதும் தார் போட்டு மூடினால் இதுவரை மண்ணுக்குள் போன தண்ணீர் தாழ்வான பக்கத்துக்கு ஓடும், அந்தத் தாழ்வான பக்கம் உங்கள் கொல்லைப்புறமாக இருக்கலாம்.

6. கோப்பைக் கையாளும் அதிகாரியிடம் பேசுங்கள்

இவரைப் பார்க்கப் போகிறவர்கள் மிகக் குறைவு, அது பெரிய நஷ்டம். அவரிடம் வாதாட வேண்டாம். எந்த அளவுகோல்களின்படி பரிசீலிக்கிறீர்கள், எதில் உங்களுக்கே திருப்தி இல்லை, அறிக்கை எந்தத் தேதிக்குள் முடிய வேண்டும், எழுத்துக் கருத்து எந்தத் தேதிக்குள் வந்தால் அறிக்கையோடு சேர்ப்பீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கடைசித் தேதிதான் உங்கள் உண்மையான கெடு, கூட்டத் தேதி இல்லை.

7. விண்ணப்பதாரரைச் சந்தியுங்கள்

பலருக்கு இதில் தயக்கம், எதிரணியோடு பேசுவதா என்று. பேசுங்கள். மறுப்பும் தள்ளிவைப்பும் அவருக்குப் பணச் செலவு, அதனால் கூட்டத்துக்கு முன்னால் இசைந்து வர அவருக்கும் காரணம் இருக்கிறது. தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், பேசி முடித்த அன்றே "இன்று நீங்கள் ஒப்புக்கொண்டவை" என்று எழுதி அனுப்புங்கள்.

வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது. "இரவு பத்து மணிக்கு மேல் சரக்கு வராது, கவலைப்படாதீர்கள்" என்று அவர் உண்மையாகவே நினைத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் கடையை நடத்தப் போகிறவர் வேறு ஆளாக இருப்பார். தீர்மானத்தில் எழுதப்படாத எதையும் பிறகு யாரும் அமல்படுத்த முடியாது.

8. நிபந்தனைகளை நீங்களே எழுதிக் கொடுங்கள்

"சத்தம் குறைவாக இருக்க வேண்டும்" என்பது நிபந்தனை ஆகாது, ஒரு ஆய்வாளர் போய் நின்று ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். "சரக்கு இறக்கமும் குப்பை எடுப்பதும் காலை 7 முதல் இரவு 8 வரை மட்டும்" என்பது நிபந்தனை. "எல்லா வெளி விளக்குகளும் கீழ்நோக்கி மட்டும் ஒளி விழும்படி மூடியவை, கம்பத்தின் உயரம் இத்தனை மீட்டருக்குள், நிறவெப்பம் 3,000 கெல்வினுக்குள், கடை மூடிய ஒரு மணி நேரத்தில் அணைக்கப்பட வேண்டும்" என்பதும் நிபந்தனை. (நிறவெப்பம் என்பது விளக்கொளியின் நிறத்துக்கான அளவு, எண் குறைந்தால் ஒளி மஞ்சளாக இருக்கும்.)

ஐந்து ஆறுக்கு மேல் வேண்டாம். நாற்பது நிபந்தனை கொண்ட பட்டியலைப் பார்த்தால் இது தடுப்பதற்கான உத்தி என்று கவுன்சிலர்கள் முடிவு செய்துவிடுவார்கள், அதில் இருக்கும் நல்ல மூன்றும் சேர்ந்து போய்விடும்.

முக்கியமான ஒரு கேள்வி: இந்த நிபந்தனைகள் எந்த ஆவணத்தில் உட்காரும்? சில ஊர்களில் நேரடி மண்டல மாற்றத்தோடு நிபந்தனை சேர்க்கச் சட்டம் இடம் தராது. அப்போது நிலத்தின் பத்திரத்தோடு பதிவாகும் ஒப்பந்தம் வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன சிறிய மண்டலம்தான் வழி. யார் கடை நடத்தலாம், யார் வாங்க வரலாம் என்பது மாதிரி நிபந்தனைகளைக் கேட்காதீர்கள். அவை செல்லாது, கேட்பதும் தவறு.

9. கடிதமும் கையெழுத்துகளும்

ஒரு பக்கம். விண்ணப்ப எண், உங்கள் வீட்டுக்கும் அந்த நிலத்துக்கும் உள்ள தூரம், எந்த அளவுகோல் நிறைவேறவில்லை, அதற்கான ஆதாரம், நீங்கள் கேட்பது என்ன. அவ்வளவுதான்.

ஒரே கடிதத்தை நூறு பேர் அனுப்பினால் அதை ஒரு கடிதமாகத்தான் படிப்பார்கள். பத்துப் பேர் தங்கள் வாசலிலிருந்து தெரிவதைத் தங்கள் வார்த்தையில் எழுதினால் பத்தும் படிக்கப்படும்.

சரி, கையெழுத்து இயக்கமே வேண்டாமா? சட்டம் அதற்கு எடை கொடுக்கும் இடத்தில் கட்டாயம் வேண்டும். அமெரிக்காவின் சில மாநிலங்களில் சுற்றியுள்ள நிலத்தில் குறிப்பிட்ட விகிதத்துக்கு உரியவர்கள் எழுத்தில் எதிர்த்தால், சாதாரணப் பெரும்பான்மை போதாது, மன்றத்தில் கூடுதல் வாக்குகள் தேவைப்படும். ஆனால் அங்கே கணக்கில் வருவது நில உரிமையாளரின் கையெழுத்து, விதித்த தூரத்துக்குள், விதித்த படிவத்தில், கெடுவுக்குள். கூட்டு உரிமை என்றால் யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும் விதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. மன்றத்தில் பேசும்போது

பொதுவாக ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கும். தலைப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள், ஒருவர் மண்டலப் பட்டியல், ஒருவர் போக்குவரத்து, ஒருவர் தண்ணீர் வடிகால், கடைசியில் ஒருவர் நிபந்தனைகள். கேட்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் பாதியில் மணி அடித்துவிடும்.

வீட்டு விலை குறையும் என்பதை ஆதாரமில்லாமல் சொல்லாதீர்கள். ஏற்கனவே இருக்கும் கடைக்குப் போட்டி வரும் என்பது மண்டலக் காரணம் இல்லை. "எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள்" என்ற பேச்சை உங்கள் பக்கத்தில் யாராவது எடுத்தால் முன்கூட்டியே நிறுத்தச் சொல்லுங்கள். அது நியாயமற்றது, அன்று மற்றவர்கள் பேசிய நல்ல வாதங்களையும் அதுவே மூழ்கடித்துவிடும்.

கூட்டத்துக்கு முன்னால் கவுன்சிலரைத் தனியாகப் பார்க்கலாமா என்பதை மன்றச் செயலரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கொள்கை முடிவு என்றால் பொதுவாகப் பார்க்கலாம். நிபந்தனை அனுமதி, விதித் தளர்வு போன்றவற்றில் மன்றம் நீதிபதி மாதிரி பதிவில் உள்ளதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டிய ஊர்கள் உண்டு, அங்கே தனிப் பேச்சு உங்கள் வழக்கையே கெடுத்துவிடும்.

11. வாக்கெடுப்பும் அதற்குப் பிறகும்

முன்மொழிவைக் காது கொடுத்துக் கேளுங்கள். "அதிகாரிகளின் அறிக்கையில் உள்ள நிபந்தனைகளுடன்" என்று சொல்லி வாக்கெடுத்தால், மேடையில் விண்ணப்பதாரர் புதிதாக ஒப்புக்கொண்டவை அதில் அடங்கவில்லை. அந்த நிமிடமே உங்கள் பகுதிக் கவுன்சிலரை எட்ட முடிந்தால் திருத்தம் கொண்டுவரச் சொல்லுங்கள். தள்ளிவைத்தால் புதிய தேதியை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள், பல ஊர்களில் மறுபடி கடிதம் வராது.

கையொப்பமிட்ட தீர்மானத்தின் நகலை வாங்கி, கூட்டத்தில் நிறைவேறியதோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். பிறகு கட்டட அனுமதி விண்ணப்பம் வரும்போது வரைபடத்தை மறுபடி பாருங்கள். விளக்குக் கம்பமும் ஏசி இயந்திரமும் இடம் மாறுவது இந்தப் படியில்தான். கட்டி முடித்து, பயன்பாட்டுச் சான்று கொடுப்பதற்கு முன்னால் நிபந்தனைகள் நிறைவேறியிருக்கின்றனவா என்று ஆய்வாளருக்கு எழுத்தில் கேளுங்கள், சான்று கொடுத்த பிறகு சுவரின் உயரத்தைக் கூட்டச் சொல்வது மிகக் கடினம்.

மேல்முறையீடு செய்ய நினைத்தால் கெடு மிகச் சிறியது. அது வாக்கெடுத்த நாளிலிருந்து ஓடுகிறதா, தீர்மானம் கையொப்பமான நாளிலிருந்தா, வெளியிட்ட நாளிலிருந்தா என்பதைக் கூட்டம் முடிந்த மறுநாளே மன்றச் செயலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞரிடம் போகும்போது அந்தப் பதில், நீங்கள் கெடுவுக்குள் கொடுத்த கடிதம், கூட்டத்தின் பதிவு மூன்றையும் கொண்டு போங்கள். விசாரணையில் பதிவாகாத புதிய வாதத்தைப் பல நீதிமன்றங்கள் பிறகு எடுத்துக்கொள்வதில்லை.